மண்டபம் முகாமுக்குப் பொருள் திரட்ட நினைப்பவர்களுக்கு

இலங்கையிலிருந்து கடல் கடந்து வந்து ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் அகதிகள் முகாமில் தங்கியிருக்கும் குடும்பங்களுக்கு அத்தியாவசியப் பொருள்களைத் திரட்டிக் கொடுக்க விரும்புவதாகவும், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து ஊரான உச்சிப்புளிக்காரனாகிய நான் 2022 முதல் இந்த வேலையில் கைகொடுத்து வருகிறேன். பொருள் திரட்டக் கிளம்புவதற்கு முன், அங்கிருப்பவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அறிவிப்புப் போடுவதெல்லாம் அதற்குப் பிறகு இருக்கட்டும்.

2022 மார்ச் 22 அன்று, தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அப்பால் உள்ள மணல் திட்டில் படகுக்காரர் இறக்கிவிட்டுப் போனவர்களைக் கடலோரக் காவல்படை மீட்டுக் கொண்டுவந்தது. அவர்களில் கைக்குழந்தையும் இருந்தது. இலங்கையில் அரிசியும் பால்மாவும் எரிபொருளும் விலைக்கு எட்டாமல் போன காலம் அது. அதன் பின் வந்த குடும்பங்கள் பலவும் உடுத்திய துணியோடும், நனையாதபடி பாலித்தீன் பையில் சுற்றிய பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ்களோடும்தான் கரையேறின. போலீஸ் விசாரணை முடிந்து முகாமுக்குள் வந்ததும் முதல் சில நாள்களுக்குத் தேவைப்படுபவை மாற்றுத் துணி, உள்ளாடை, நாப்கின், வாளி, குடம், பாய், போர்வை, கொசுவர்த்தி, சோப்பு. இவற்றில் உள்ளாடையையும் நாப்கினையும் நன்கொடையாளர் யாரும் தாமாகக் கொண்டுவருவதில்லை; கேட்கவும் பெண்கள் கூச்சப்படுவார்கள். உங்கள் குழுவில் பெண்கள் இருந்து, அவர்கள் தனியாகப் பேசினால்தான் அந்தத் தேவை பட்டியலில் ஏறும்.

செருப்பு இன்னொரு தலைவலி. அளவு கேட்டால் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியாது. பழைய செய்தித்தாளில் பிள்ளையின் பாதத்தை வைத்துப் பேனாவால் சுற்றி வரைந்து, அதன்மேல் பெயரும் வயதும் எழுதி, கத்தரித்த தாளோடு ராமநாதபுரம் கடைத்தெருவுக்குப் போவது எங்கள் வழக்கம். கடைக்காரருக்கும் அது பழகிவிட்டது.

சில வாரங்கள் கழிந்தால் தேவை வேறாகிவிடும். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று 2021-இல் தமிழக அரசு உயர்த்திய உதவித்தொகையெல்லாம் முறையான பதிவுக்குப் பிறகே கிடைக்கக் கூடியது. புதிதாக வந்தவர்கள் அதற்குக் காத்திருக்கும் இடைவெளியில்தான் நம்மைப் போன்றவர்களுக்கு வேலை. அந்தக் கட்டத்திலும் எல்லாரும் அரிசி மூட்டையையே சுமந்துகொண்டு வருகிறார்கள். ஒருமுறை வயதான அம்மா ஒருவர், "அரிசி கிடக்குது தம்பி, பிட்டு அவிக்க ஒரு நீத்துப்பெட்டி கிடைக்குமோ?" என்று கேட்டார். பனையோலையில் கூம்பு வடிவில் முடைந்த பெட்டி அது. நம் கடைகளில் கிடைக்காது. சாயல்குடிப் பக்கம் ஓலைப்பெட்டி முடையும் பெண் ஒருவரிடம் கைப்பேசியில் படத்தைக் காட்டினோம். அவர் வாயைக் குறுக்கி, அடியைக் கூராக்கி, நாலைந்து முடைந்து கொடுத்தார். கொடுத்த பொருள்களிலேயே செலவு குறைந்ததும், அதிகம் புழங்கப்பட்டதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

பழந்துணி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கிழிந்த சட்டையும் பொத்தான் அற்ற சுடிதாரும் சாக்குச் சாக்காக வந்து சேரும். அவற்றைப் பிரித்துத் தரம் பார்ப்பதிலேயே ஆள் பலம் கரைந்துவிடும். மருந்து மாத்திரையும் திரட்ட வேண்டாம். நோயாளியை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஆட்டோ செலவைக் கொடுங்கள்.

பால் பவுடர் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. பெரியவர்கள் தேநீருக்குக் கலக்கும் பால்மா தாராளமாகக் கொடுக்கலாம். அவர்கள் விரும்பிக் கேட்பதும் அதுவே. ஆனால் தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கைக்குழந்தைகளுக்கு விற்கப்படும் மாவையும் பால் புட்டியையும் அனாதை இல்லங்களுக்கு அன்றி வேறு யாருக்கும் நன்கொடையாக வழங்க 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. உவர் நீரும் கொதிக்க வைக்க வசதிக் குறைவும் உள்ள இடத்தில் புட்டிப்பால் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும் என்பதால் அந்தத் தடை நியாயமானதே. தாய்க்கு முட்டை, பயறு, நிலக்கடலை வாங்கிக் கொடுங்கள். தாய்ப்பால் இல்லாத நிலை என்றால் மருத்துவரிடம் விடுங்கள்.

முகாமுக்குள் நினைத்தபோது நுழைய முடியாது. மண்டபத்தில் இதற்கென்றே தனித்துணை ஆட்சியர் இருக்கிறார். என்ன பொருள், எவ்வளவு, யார் யார் வருகிறார்கள் என்று எழுதிக் கொடுத்து முன்னதாக அனுமதி பெற வேண்டும். தங்கச்சிமடம் பங்கு ஆலயத்தாரோ கீழக்கரை ஜமாஅத்தாரோ உங்களுக்குத் தெரிந்தவர்கள் என்றால் அவர்களோடு சேர்ந்து போவது எளிது. படம் எடுக்கும் ஆசையை வாசலிலேயே விட்டுவிடுங்கள்: வந்தவர்களின் உறவினர்கள் இன்னும் அக்கரையில் இருக்கிறார்கள், இங்கே வழக்கும் நிலுவையில் இருக்கலாம். அதற்கு மேல், ஒரு பக்கெட்டை வாங்கியதற்காக யாரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கக் கடமைப்பட்டவர் அல்லர்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உங்களுக்கு அழைப்பு வரும். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவதில் சிக்கல் இல்லை. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றவரின் பணம், அவர் தமிழரே ஆனாலும், 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின்கீழ் வரும். அதற்குப் பதிவு பெற்ற அமைப்புகள்கூட டெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வாங்க முடியும். எனவே உங்கள் சொந்த ஜிபே எண்ணை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். 1984-இல் ஈழ ஏதிலியரே (அகதிகளே) தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்பைத் தொடர்புகொள்ளச் சொல்லுங்கள்.

திரண்டதை ஒரே நாளில் கொடுத்துத் தீர்க்காமல், மூன்றில் ஒரு பங்கை ஐப்பசி மழைக்கு ஒதுக்கி வையுங்கள். செய்தித்தாளில் செய்தி நிற்கும்போது நன்கொடையும் நின்றுவிடும். கூரை ஒழுகுவதும் தார்ப்பாய் கேட்டு ஆள் அனுப்புவதும் அந்த மாதங்களில்தான்.