சீட்டு மேசையில் முதல் நாள்

கேள்வி: பல மாதங்களாகக் கைப்பேசியில் போக்கர் ஆடி வருகிறேன். விதிகள் எல்லாம் அத்துப்படி. அனுமதி பெற்று நடக்கும் ஒரு சீட்டாட்ட அறைக்கு முதன்முறையாகப் போக ஆசை. முன்பின் தெரியாதவர்கள் நடுவே தடுமாறி அவமானப்படுவேனோ என்று தயக்கமாக இருக்கிறது. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: புதியவரைப் பார்த்து அந்த மேசையில் யாரும் சிரிக்க மாட்டார்கள். உள்ளுக்குள் மகிழ்வார்கள், அவ்வளவுதான். நீங்கள் பயப்பட வேண்டியது உங்கள் கைகளுக்குத்தான்.

கைப்பேசியில் உங்கள் முறை வரும்வரை பொத்தானே இயங்காது. மேசையில் அந்தக் காவல் கிடையாது. முன்னால் ஒருவர் 20 கட்டியிருக்கிறார், நீங்கள் உயர்த்த நினைத்து 100 மதிப்புள்ள ஒரே சிப்பை (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லை) பேசாமல் நகர்த்துகிறீர்கள் என்று வையுங்கள். பெரும்பாலான அறைகளில் அது வெறும் ‘கால்’தான், அதாவது அவர் கட்டிய அதே தொகையைக் கட்டியதாகத்தான் கணக்கு; மீதி 80 திரும்பி வந்துவிடும். கொஞ்சம் சிப் வைத்துவிட்டு, மறுபடி அடுக்கிலிருந்து எடுத்து வைத்தாலும் இரண்டாவது தவணை செல்லாது. இரண்டுக்கும் ஒரே மருந்து: ‘ரெய்ஸ்’ என்று தொகையோடு வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு சிப்பைத் தொடுங்கள். உங்கள் முறையில் சொன்னதை மாற்ற முடியாது என்பதால், யோசித்துச் சொல்லுங்கள்.

பந்தயத்தில் வாய்ச்சொல் செல்லும். சீட்டைப் பற்றிய வாய்ச்சொல் செல்லாது. எதிராளி ‘ஃபிளஷ்’ (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) என்றதை நம்பித் தன் சீட்டை வீசியெறிந்து, வென்ற ஆட்டத்தை இழப்பவர்கள் உண்டு. ஆட்ட முடிவில் உங்கள் இரண்டு சீட்டையும் எல்லோருக்கும் தெரியும்படி திருப்பி வையுங்கள். டீலர் (சீட்டுப் போடும் ஊழியர்) பார்த்துத் தொகையை யார் பக்கம் தள்ளுகிறார் என்று தெரியும்வரை அவற்றை விடாதீர்கள். ஆட்டத்தின் நடுவிலும் சீட்டின் மேல் ஒரு சிப்பை வைத்திருங்கள். டீலர் தவறுதலாக அள்ளிவிட்டால் திரும்பக் கிடைப்பது அரிது.

அடுத்தது அலுப்பு. நேரடி மேசையில் மணிக்குச் சுமார் 30 ஆட்டம்தான் நடக்கும். கையில் இரண்டு ஏஸ் சேர்ந்து வருவதோ சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒருமுறை. அதாவது ஏழு மணி நேரத்துக்கும் மேல்! சும்மா உட்கார முடியாமல் ஆடும் ஆட்டங்களில்தான் புதியவரின் சிப் கரைகிறது.

இருப்பதிலேயே சிறிய பந்தய மேசையைக் கேளுங்கள். போனாலும் பரவாயில்லை என்ற தொகையை மட்டும் கொண்டுபோய், வங்கி அட்டையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அறை தன் பங்காக ‘ரேக்’ எடுக்கும், அல்லது மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும். எனவே எல்லோரும் சம திறமைசாலிகளாக இருந்தாலும் மேசையில் உள்ள பணம் குறைந்துகொண்டேதான் போகும். ஆட்டத்தின் நடுவில் பையிலிருந்து பணம் சேர்க்க முடியாது. வென்றதில் பாதியைப் பைக்குள் போட்டுக்கொண்டு தொடரவும் முடியாது. ஆனால் ஓர் ஆட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு எழுந்துவிடலாம். பெரிய தொகை வென்ற மறுநிமிடமே கிளம்பினாலும் யாருக்கும் நீங்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை.