நாலாவது கார்டைப் போட்டதும் மெஷின் அணைகிறதா?

தம்பி, கல்லடி வீட்டில் கிரிப்டோ காசு தோண்ட (மைனிங்), 4யூ அளவு (ஏழு அங்குல உயர) சேர்வர் பெட்டிக்குள் ஆறு கிராபிக்ஸ் கார்ட் பூட்டப் பார்க்கிறீர்கள், நாலாவதோடு மெஷின் அணைகிறது என்கிறீர்கள். கார்டுகளை மதர்போர்டோடு இணைக்கும் ரைசர்களுக்குக் கரண்ட் எந்த வயரில் போகிறது? ஹார்ட் டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்கும் சாட்டா வயர் என்றால் இன்றைக்கே கழற்றுங்கள். அந்தக் கனெக்டர் 12 வோல்ட்டில் 54 வாட்தான் தாங்கும். ரைசர் வழியாக ஒரு கார்ட் 75 வாட் வரை இழுக்கலாம். கனெக்டர் உருகிப்போகலாம். பவர் சப்ளையிலிருந்து நேரே வரும் 6 பின் வயரைக் கொடுங்கள். கார்டுக்கும் அதன் ரைசருக்கும் ஒரே சப்ளை. அதற்குப் பிறகும் அணைந்தால் சப்ளையின் வாட் போதாமல் இருக்கலாம்.

அப்புறம் வெக்கை. கார்டுகளை ஒட்டி வைக்காமல், முன்பக்க ஃபேன் காற்று இடையில் ஓடும்படி வையுங்கள். உப்புக்காற்று வேறு, ஜன்னலோரம் வேண்டாம். 2022 செப்டம்பரில் எதேரியம் என்ற கிரிப்டோ காசு மைனிங்கையே கைவிட்டுவிட்டது. மிச்சக் கிரிப்டோ காசுகளைத் தோண்டி நம்மூர்க் கரண்ட் பில்லைக் கட்ட முடியுமா என்று, ஆறாவது கார்டை வாங்க முன்னம் கணக்குப் பாருங்கள்.