எடை குறையவில்லை, பேன்ட் மட்டும் லூசாகிறது

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வயது 27, உயரம் 168 செ.மீ., எடை 74 கிலோ. பனியன் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் வேலை, நாள் முழுக்க உட்கார்ந்தேதான் இருப்பேன். கை, கால் எல்லாம் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் நிற்கிறது. இரண்டு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை, ஆனால் பழைய பேன்ட் லூசாகிவிட்டது. "முதலில் நன்றாகச் சாப்பிட்டு உடம்பை ஏற்று, அப்புறம் கட்டிங் (கொழுப்பைக் குறைப்பது) பண்ணிக்கலாம்" என்கிறார் ஜிம் மாஸ்டர். "இரும்பை விடு, காலையில் ஓடு, சோற்றை நிறுத்து" என்கிறான் நண்பன். யார் சொல்வதைக் கேட்பது?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: இரண்டு பேர் சொல்வதும் வேண்டாம் தம்பி. இடுப்பு இறங்கி எடை அப்படியே நிற்கிறது என்றால், கொழுப்பு போய்க்கொண்டிருக்கிறது, தசை வந்துகொண்டிருக்கிறது, அதோடு பயிற்சி செய்யும் தசை கொஞ்சம் தண்ணீரையும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. எடை மெஷின் இது எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரே எண்ணாகக் காட்டுகிறது. அந்த எண்ணைப் பார்த்து மனசு விட்டு நல்ல முயற்சியைப் பாதியில் நிறுத்தியவர்கள் நிறையப் பேர், நீங்களும் அப்படிச் செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மாஸ்டர் சொல்வது பல வருடம் பயிற்சி செய்து, வயிற்றில் கொழுப்பே இல்லாமல் இருக்கிறவருக்குப் பொருந்தும். அவர் உடம்பில் சேமிப்பு இல்லை, தசையும் பயிற்சிக்குப் பழகிவிட்டது, அதனால் அவர் கூடுதலாகச் சாப்பிட்டால்தான் ஏதாவது ஏறும். உங்கள் கணக்கு வேறு. உங்கள் உடம்பில் 20 கிலோ கொழுப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் உயரம், எடை, தொப்பையைப் பார்த்தால் அவ்வளவு இருக்கும்). ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. அப்படியானால் ஒன்றரை லட்சம் கலோரிக்கு மேல் உடம்பில் கட்டி வைத்திருக்கிறீர்கள், இதற்கு மேல் எதற்குத் தனியாக "ஏற்ற" வேண்டும்? தினமும் வழக்கத்தைவிட 300 முதல் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டால் அந்தப் பற்றாக்குறையை உடம்பு இந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். தசை வளர வேறு இரண்டு விஷயம் தேவை: எடை தூக்குவதால் வரும் தூண்டுதல், சாப்பாட்டில் போதுமான புரதம். கொழுப்பு தசையாக மாறுவதில்லை. இரண்டும் தனித்தனி வேலைகள், ஒரே உடம்பில் ஒரே சமயத்தில் நடக்கக்கூடியவை, புதிதாக ஆரம்பிப்பவருக்கு நன்றாகவே நடக்கும்.

இது வெறும் ஜிம் பேச்சும் கிடையாது. 2016-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், உடல் பருமனான 40 இளைஞர்களை நான்கு வாரம் மிகக் கடுமையாகப் பயிற்சி செய்யவைத்து, சாப்பாட்டை 40 சதவீதம் குறைத்துப் பார்த்தார்கள். எடையில் கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் சாப்பிட்டவர்களுக்கு சராசரியாக 4.8 கிலோ கொழுப்பு குறைந்தது, கொழுப்பில்லாத உடல் எடை (தசை உள்ளிட்டது) 1.2 கிலோ கூடியது. பாதிப் புரதம் சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பு 3.5 கிலோ குறைந்தது, கொழுப்பில்லாத எடை கிட்டத்தட்ட அப்படியே நின்றது. அவர்களைப் போல 40 சதவீதம் வெட்டச் சொல்லவில்லை, அதை வேலைக்குப் போகிறவரால் ஒரு மாதம்கூடத் தாங்க முடியாது. நடக்கிற காரியம்தான் என்பதற்காகச் சொன்னேன்.

சரி, நண்பர் சொன்ன ஓட்டம்? ஓடுங்கள், இதயத்துக்கு நல்லது. ஆனால் இரும்பை விட்டுவிட்டு, சோற்றையும் நிறுத்திவிட்டு ஓட மட்டும் செய்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் போகும், இப்போதே ஒல்லியாக இருக்கும் கை இன்னும் ஒல்லியாகும்.

நம் ஊர் சாப்பாட்டில் பிரச்சினை எங்கே இருக்கிறது என்றால், காலையில் நாலு இட்லி சட்னி, மதியம் தட்டு நிறையச் சோறு, சாம்பார், பொரியல், சாயங்காலம் டீயும் வடையும், ராத்திரி மூணு தோசை. வயிறு நிறைந்துவிடும், ஆனால் கூட்டிப் பார்த்தால் புரதம் 50 கிராமைத் தாண்டாது. உங்களுக்கு எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்று கணக்கு வைத்தால் 118 கிராம் வேண்டும், 110 வந்தாலும் போதும். இதே சாப்பாட்டில் மாற்றினாலே வந்துவிடும்: காலையில் நாலு இட்லியோடு இரண்டு முட்டை, சட்னிக்குப் பதில் கெட்டியான சாம்பார். மதியம் சோற்றைப் பாதியாக்கி 150 கிராம் கோழிக்கறியோ மீனோ (பொரித்தது வேண்டாம், குழம்போ கிரேவியோ போதும்), கொஞ்சம் பருப்பு. சாயங்காலம் வடைக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை சுண்டல், ஒரு டம்ளர் பால். ராத்திரி மூணு சப்பாத்தி, பருப்புக் கூட்டு, இரண்டு முட்டை. எண்ணெயை மட்டும் கண்ணால் ஊற்றாமல் ஸ்பூனால் அளந்து ஊற்றச் சொல்லுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, தோசைக்கல்லில் சுற்றி ஊற்றுகிற தாராளத்தில் மட்டுமே உங்கள் 300 கலோரி ஒளிந்திருக்கும்.

பயிற்சிக்கு வாரம் மூன்று நாள் போதும், ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும். ஸ்குவாட் (எடையோடு பஸ்கி), பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி கம்பியை மேலே தள்ளுவது), ரோயிங் (குனிந்து எடையை வயிற்றை நோக்கி இழுப்பது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது), ஷோல்டர் பிரஸ் (தலைக்கு மேலே தள்ளுவது), ஒவ்வொன்றும் மூன்று செட் (சுற்று), செட்டுக்கு 8 முதல் 12 ரெப் (தடவை). கண்ணாடி முன்னால் நின்று பைசெப்ஸ் மட்டும் போடுவதால் பெரிதாக ஒன்றும் ஆகாது, தொடையும் முதுகும்தான் உடம்பின் பெரிய தசைகள், அங்கேதான் உழைக்க வேண்டும். இன்னும் இரண்டு ரெப் போட முடியும் என்ற நிலையில் செட்டை நிறுத்துங்கள், அதற்கு முன்னால் நிறுத்தாதீர்கள். கையில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்று பெஞ்ச் பிரஸ் 30 கிலோ, எட்டு ரெப் என்று எழுதினால் அடுத்த முறை ஒன்பது, அப்புறம் பத்து. மூன்று செட்டிலும் 12 வந்ததும் கம்பியின் இரண்டு பக்கமும் ஒன்றேகால் கிலோ தட்டு ஒன்று சேர்த்து 32.5 ஆக்கி மறுபடி எட்டிலிருந்து ஆரம்பியுங்கள். முதல் சில வாரம் பலம் கிடுகிடுவென்று ஏறும், அதில் பெரும்பங்கு நரம்புகள் வேலையைக் கற்றுக்கொள்வதால் வருவது, தசை அதற்குப் பின்னால் மெதுவாகத்தான் வரும்.

அளப்பது எப்படி என்றால், வாரம் ஒருமுறை காலையில் வெறும் வயிற்றில், மூச்சைச் சாதாரணமாக விட்டபடி, தொப்புள் மட்டத்தில் டேப் வைத்துப் பாருங்கள். இந்திய ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.க்குக் கீழே, பெண்களுக்கு 80-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் வரம்பு. டேப்பில் குறைகிறது, நோட்டில் ஏறுகிறது என்றால் எடை மெஷின் என்ன காட்டினாலும் கவலை வேண்டாம். இரண்டுமே ஒரு மாதம் அசையாமல் நின்றால் மட்டும் சாப்பாட்டைத் திருத்துங்கள்.

கேள்வி: வயது 43, சைவம், 68 கிலோ. சர்க்கரை எல்லையில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். எடை தூக்கினால் ஆம்பளை மாதிரி கை ஆகிவிடும் என்று அக்கா பயமுறுத்துகிறார். வீட்டிலேயே ஏதாவது செய்ய முடியுமா?
– இல்லத்தரசி, மதுரை

பதில்: அக்காவிடம் தைரியமாகச் சொல்லுங்கள், ஆகாது. ஆண்களுக்கு இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனில் சிறு பங்குதான் பெண்கள் உடம்பில் இருக்கிறது, ஆண்களே வருடக்கணக்கில் போராடித்தான் அந்தக் கையைக் கொண்டுவருகிறார்கள். இந்த வயதில் உங்களுக்கு எடைப் பயிற்சி ரொம்பவே அவசியம். சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை அதிகம் வாங்கிக்கொள்வது தசைதான், மாதவிடாய் நிற்கும் காலத்தில் எலும்பு தேய்வதையும் இந்தப் பயிற்சி தடுக்க உதவும். வீட்டில் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி வைக்கிறவர்தானே நீங்கள், அது 20 கிலோ. பயப்பட ஒன்றுமில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் ஆரம்பித்து, சுலபமானதும் நாற்காலி இல்லாமல் பஸ்கி. தண்டாலைச் சுவரில் கை ஊன்றி ஆரம்பித்து, அப்புறம் கட்டில் விளிம்பு, அப்புறம் தரை. பிள்ளைகளின் பழைய ஸ்கூல் பையில் அரிசிப் பாக்கெட்டுகளைப் போட்டு, இடுப்பை மடக்கிக் குனிந்து வயிற்றை நோக்கி இழுக்கலாம். கூன் மட்டும் போடக் கூடாது. பாக்கெட்டைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

சாப்பாட்டில் நீங்கள்தான் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். "பருப்பு சாப்பிடுகிறேனே" என்பார்கள், ஆனால் தண்ணீராக வைத்த சாம்பாரில் ஒரு கரண்டிக்கு மூன்று, நான்கு கிராம் புரதம் இருந்தால் பெரிது. கேழ்வரகும் சிறுதானியமும் நல்லவைதான், ஆனால் கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏழு கிராம்தான், புரதக் கணக்கில் அரிசிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. மீல்மேக்கர் 50 கிராம் ஊறவைத்துக் குழம்பில் போட்டால் 26 கிராம் வந்துவிடும். 100 கிராம் பனீரில் 18. தினம் ஒரு சுண்டல், கெட்டித் தயிர், பாசிப்பயறு தோசை என்று சேர்த்தால் 80, 90 கிராமைத் தொடலாம். நிலக்கடலையில் புரதம் உண்டு, ஆனால் கலோரியும் அதிகம், ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள். சிறுநீரகத்தில் ஏதாவது கோளாறு இருந்தாலோ, சர்க்கரைக்கு மாத்திரை ஆரம்பித்திருந்தாலோ இந்த மாற்றங்களை டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: தினமும் 200 சிட்-அப் எடுக்கிறேன், தொப்பை போகுமா?
– வாசகர், வேலூர்

பதில்: வயிற்றுத் தசைக்குப் பலம் வரும். கொழுப்பை எந்த இடத்திலிருந்து எடுப்பது என்பதை உடம்புதான் முடிவு செய்யும், பலருக்குத் தொப்பை கடைசியில்தான் போகும். மேலே சொன்ன சாப்பாடும் பயிற்சியும்தான் உங்களுக்கும் வழி.

கேள்வி: காலேஜ் இரண்டாம் ஆண்டு, 172 செ.மீ., 58 கிலோ. எல்லோரும் ஒல்லி என்கிறார்கள், சட்டையைக் கழற்றினால் குட்டித் தொப்பை இருக்கிறது. புரோட்டீன் பவுடர் வாங்கலாமா? ஜிம்மில் ஒரு அண்ணன் ஊசி போட்டால் மூன்று மாதத்தில் ஏறும் என்கிறார்.
– மாணவர், நாகர்கோவில்

பதில்: ஊசி வேண்டாம் தம்பி, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அவர் சொல்வது ஸ்டீராய்டு, அதாவது ஆண் ஹார்மோன் ஊசி. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் உங்கள் உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும், விந்தணு குறையும், மார்பு பெண்களுக்குப் போல வளரலாம், இதயமும் ஈரலும் கெடும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. அதை ஜிம்மில் வைத்துக் கொடுக்கிறவர் உங்கள் நலம் விரும்பி இல்லை, அந்த இடத்தையே மாற்றிவிடுங்கள்.

ஒல்லியான உடம்பில் தொப்பை என்பது நம்மவர்களிடம் சகஜம். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் ஜான் யட்கின் இருவருக்கும் உடல் நிறை எண் (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் BMI) ஒன்றேதான், 22.3. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் யட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் இருவரும் தங்கள் படத்தோடு இதை வெளியிட்டார்கள். நீங்கள் யாஜ்னிக் கட்சி. அதனால் பட்டினி கிடக்காதீர்கள், இப்போது சாப்பிடும் அளவோ அதைவிடக் கொஞ்சம் கூடவோ சாப்பிட்டு, புரதத்தை 90 கிராமுக்குக் கொண்டுவந்து, திருப்பூர் தம்பிக்குச் சொன்ன அதே பயிற்சியைச் செய்யுங்கள். பவுடர் என்பது பாலிலிருந்து எடுத்த புரதம், அவ்வளவுதான். ஒரு ஸ்கூப்பில் கிடைப்பது நாலு முட்டையில் கிடைத்துவிடும். ஹாஸ்டல் சாப்பாட்டில் முட்டையும் பாலும் கிடைக்காவிட்டால் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: ஸ்ரீபெரும்புதூரில் கார் கம்பெனியில் ஷிப்ட் வேலை. இரவு ஷிப்ட் வாரத்தில் ஐந்து மணி நேரம்தான் தூக்கம். தூங்காமல் ஜிம்முக்குப் போகட்டுமா, ஜிம்மை விட்டுத் தூங்கட்டுமா?
– வாசகர், காஞ்சிபுரம் மாவட்டம்

பதில்: அந்த வாரம் தூங்குங்கள். 2010-ல் சிகாகோவில் 10 பேரை ஒரே அளவு குறைந்த சாப்பாட்டில் வைத்து, இரண்டு வாரம் எட்டரை மணி நேரம், இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரம் படுக்கையில் இருக்கவைத்தார்கள். குறைந்த எடை இரண்டிலும் ஏறக்குறைய மூன்று கிலோதான். ஆனால் அதில் கொழுப்பு, நன்றாகத் தூங்கியபோது 1.4 கிலோ, தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோ. மீதியில் பெரும்பகுதி தசை உள்ளிட்ட கொழுப்பில்லாத எடை. ஆக, இரவு ஷிப்ட் வாரத்தில் இரண்டு நாள் மட்டும், எழுந்து சாப்பிட்டபின் வேலைக்குக் கிளம்புவதற்கு முன், அரை மணி நேரம் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ரோயிங் மட்டும் போட்டுவிட்டு வாருங்கள். பகல் ஷிப்ட் வந்ததும் மூன்று நாளாக்கிக்கொள்ளலாம். இரவு கேன்டீனில் இரண்டு மணிக்குக் கிடைக்கும் பரோட்டாவை விட்டு முட்டையும் இரண்டு சப்பாத்தியும் எடுங்கள், டீயை அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்து படுக்கும் அறையின் ஜன்னலுக்குக் கனமான போர்வை ஒன்றைக் கட்டிவிடுங்கள்.