இறக்குமதி செம்மறியின் உதட்டில் பொருக்கு: விற்கலாமா?

கேள்வி: ஐயா, வெல்லாவெளிப் பக்கம் ஆடு வளர்க்கிறேன். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான மந்தையில் எட்டு டோர்ப்பர் செம்மறிகளை வாங்கி, என்னிடமிருந்த ஆடுகளோடு ஒரே பட்டியில் அடைத்தேன். இரண்டு வாரத்துக்குள் நான்கு குட்டிகளுக்கு உதட்டிலும் வாயோரத்திலும் கறுத்த பொருக்கு. பால் குடிக்கவே சிரமப்படுகின்றன. என் விரலிலும் ஒரு கொப்புளம் வந்திருக்கிறது. ஆட்டுக்கொல்லி நோய் (பிபிஆர்) என்று அயலவர்கள் சொல்கிறார்கள். ஊசி போட்டால் மாறுமா? அல்லது மற்றவற்றுக்குப் பரவுமுன் விற்றுவிடவா?

பதில்: தம்பி, ஒரு ஆட்டைக்கூட இப்போது விற்காதீர்கள். விற்ற ஆடு இன்னொருவரின் பட்டிக்குப் போனால், உங்களுக்கு நேர்ந்தது அவருக்கும் நேரும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இது ஓர்ஃப் எனப்படும் தொற்று வாய்ப்பொருக்கு நோயாகவே இருக்க வேண்டும். உங்கள் விரல் கொப்புளம்தான் முக்கியமான தடயம். ஓர்ஃப் வைரசு மனிதரின் தோலிலும் தொற்றும். ஆட்டுக்கொல்லி மனிதருக்கு வராது. 2003இல் 50,000க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியச் செம்மறிகளை ஏற்றிச் சென்ற ‘கோர்மோ எக்ஸ்பிரஸ்’ கப்பலை, ஓர்ஃப் நோயைக் காரணம் காட்டித்தான் சவூதி அரேபியா ஏற்க மறுத்தது. வாரக்கணக்கில் கடலில் அலைந்தபின் எரித்திரியாவில்தான் அவற்றை இறக்க முடிந்தது.

ஓர்ஃப் பெரும்பாலும் மூன்று, நான்கு வாரங்களில் தானே ஆறிவிடும். பசிதான் குட்டிகளைக் கொல்லும். வாய் நோவதால் அவை காம்பைப் பிடிக்க மறுக்கும்; பாலைக் கறந்து போத்தலில் கொடுங்கள். வளர்ந்தவற்றுக்கு முருங்கைக் குழை, தவிட்டுக் கஞ்சி போன்ற மென்மையான தீன் போதும். முள்ளுள்ள குழை ஒரு மாதத்துக்கு வேண்டாம். முள் கீறிய இடத்தால்தான் வைரசு உள்ளே புகுகிறது. தாயின் மடியையும் காம்பையும் தினமும் பாருங்கள். குட்டியின் வாயிலிருந்து அங்கே தொற்றினால் மடி வீக்கம் வரும்.

பொருக்கை உரிக்காதீர்கள். தானாக உதிர்வதைக் கூட்டி எரித்துவிடுங்கள். காய்ந்த பொருக்கில் இந்த வைரசு மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கிலும் உயிரோடிருக்கும். கையுறை இல்லாமல் வாயைத் தொட வேண்டாம். விரல் கொப்புளத்தை நெரிக்காமல் மூடிக் கட்டி, வைத்தியரிடம் காட்டி, ஆட்டிலிருந்து வந்தது என்பதையும் சொல்லுங்கள்.

நுண்ணுயிர் எதிர்ப்பு ஊசி வைரசைக் கொல்லாது. புண்ணில் சீழ் பிடித்தாலோ புழு வைத்தாலோதான் மருந்து தேவை. அதையும் மிருக வைத்தியர் தீர்மானிக்கட்டும். கடல் கடந்து யாரோ கொண்டுவந்து தரும் தடுப்பூசியைத் தொடவே வேண்டாம். ஓர்ஃப் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள வைரசு; அதுவே பட்டிக்குள் நோயைப் பரப்பக்கூடும்.

ஆனாலும் என் ஊகத்தை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். வெப்பமானியால் ஒவ்வொரு ஆட்டையும் பாருங்கள். 40 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் சளி, நாறும் வாய், கழிச்சல், இருமல் எல்லாம் சேர்ந்து வந்தால் ஆட்டுக்கொல்லியைச் சந்தேகிக்க வேண்டும். வாலடியிலும் தொடையிடுக்கிலும் கட்டிகள் என்றால் ஆட்டம்மை. முகமும் நாக்கும் வீங்கி நீலம் பாரித்தால் நீலநாக்கு; அது சிறு கடிபூச்சிகளால் பரவுவது, நம் மாரி மழைக்குப் பின் கவனம் தேவை. குளம்பிடுக்கில் புண்ணோடு நொண்டினால் கால்-வாய் நோய் (கோமாரி). அது மாட்டுக்கும் தாவும். மயிலத்தமடு, மாதவணைப் பக்கம் மேயும் பட்டிகளை நினைத்தால் எனக்கு அதுதான் பெரிய பயம்.

வந்த ஆட்டோடு வந்த நோய் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1987இல் இந்தியப் படையினருக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) மீண்டும் இலங்கைக்குள் நுழைந்தது. ஒழிய 1994 வரை ஆனது. நோயுள்ள ஆட்டைத் தனிமைப்படுத்தாமல் விட்டதன் விலையை நம் மாடுகளும் எருமைகளும் கொடுத்தன. வாங்கிய ஆட்டை மூன்று, நான்கு வாரமாவது வேறு கொட்டிலில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். இப்போதாவது புதியவற்றையும் பொருக்குள்ளவற்றையும் பிரித்துவிடுங்கள். தனி வாளி, தனித் தீன்தொட்டி. சுகமானவற்றுக்கு முதலில் தீன் போட்டுவிட்டு, நோயுற்றவற்றிடம் கடைசியாகப் போங்கள்.

நாளைக்கே உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். ஆட்டைக் கொண்டுபோகாதீர்கள், அவர்களை வரச் சொல்லுங்கள். ஆடு வாங்கிய பற்றுச்சீட்டையும் இறக்குமதிச் சுகாதாரச் சான்றிதழின் பிரதியையும் எடுத்து வையுங்கள். முதலில் கேட்பது அவற்றைத்தான்.