சோலார் கம்பெனிக்கு நிலம்: பவர் எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: விளாத்திகுளம் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர் மானாவாரிக் கரிசல் இருக்கிறது. சோலார் கம்பெனிக்கு நிலம் சேர்ப்பதாக ஒருவர் வந்தார். 28 வருஷக் குத்தகையாம். "முதலில் என் பெயருக்குப் பவர் போட்டுக் கொடுங்கள், மீதியைக் கம்பெனியிடம் நான் பேசிக்கொள்கிறேன்" என்று அட்வான்ஸோடு நிற்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். கம்பெனிக்குக் குத்தகை விடுவதில் தவறில்லை. புரோக்கர் பெயருக்குப் பவர், அதாவது உங்கள் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம், மட்டும் கூடவே கூடாது.

குத்தகைப் பத்திரத்துக்கு நீங்களும் கம்பெனியும் கையெழுத்துப் போட்டால் போதும். நடுவில் அவருக்கு அதிகாரம் எதற்கு? குத்தகைக்கு என்று வாயால் சொல்லிவிட்டு, பத்திரத்தில் "கிரயம் செய்யவும், அடமானம் வைக்கவும்" என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுவார்கள். அதை வைத்து நிலத்தை விற்றுவிட்டால் கோர்ட்டுக்கு அலையப்போவது நீங்கள்தான். பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த பவரை ரத்து செய்வதும் லேசில்லை. நூறு ரூபாய் முத்திரைத்தாளில் நோட்டரி சீல் வைத்துத் தருகிறேன் என்றாலும் மயங்காதீர்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும்.

அடுத்த பொறி, "மின் உற்பத்தி தொடங்கிய நாள் முதல் வாடகை" என்ற வரி. ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும். கமுதியில் 2016-இல் வந்த 648 மெகாவாட் ஆலைக்குச் சுமார் 2,500 ஏக்கர். ஆகவே உங்கள் ஆறு ஏக்கர் மட்டும் போதாது; அக்கம்பக்கத்து நிலமும் சேர வேண்டும். சேர்ந்தாலும் துணை மின்நிலையத்தில் இடம் கிடைக்க வேண்டும், மின்சாரத்தை வாங்க மின்வாரியங்கள் ஒப்பந்தம் போட வேண்டும். அரசு விடும் சோலார் ஏலத்தில் கம்பெனிகள் எடுத்தும், மின்சாரத்தை வாங்க ஆளில்லாமல் தேங்கிய திட்டங்கள் நாடு முழுக்க உண்டு. கம்பி இழுக்க வழி செய்யாமல் ஏலம் விடுகிறார்கள். அந்தத் தாமதத்தை ஏன் ஒரு மானாவாரி விவசாயி சுமக்க வேண்டும்? பதிவான நாளிலிருந்து வாடகை என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டு வருஷத்தில் வேலை தொடங்காவிட்டால் குத்தகை தானாக ரத்து என்பதும் பத்திரத்தில் இருக்கட்டும்.

இதற்கெல்லாம் முன்பு ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: அது பஞ்சமி நிலமா? 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வெள்ளைக்கார அரசு நிபந்தனையோடு கொடுத்த நிலம் அது. முதல் பத்து வருஷம் யாருக்கும் கைமாற்றக் கூடாது. அதற்குப் பிறகும் அந்த மக்களுக்குள்தான். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இடையில் எத்தனை கைமாறியிருந்தாலும், பட்டா இன்று யார் பெயரில் இருந்தாலும் அந்த நிபந்தனை போகாது. வில்லங்கச் சான்றில் இது தெரியாமல் போகலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள "அ" பதிவேட்டில் (ஊர் நிலக் கணக்கு) உங்கள் சர்வே எண்ணைப் பாருங்கள். "டி.சி." (Depressed Classes, ஒடுக்கப்பட்ட வகுப்பினர்) என்றோ நிபந்தனை ஒப்படை என்றோ குறிப்பு இருந்தால், தாசில்தாரிடம் எழுத்துமூலம் பதில் வாங்கும்வரை எதிலும் கையெழுத்து வேண்டாம். பதில் வர மாதக்கணக்காகும், மனுவை மேசை மேசையாகத் தள்ளுவார்கள். ஒப்புகைச் சீட்டை விடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

குத்தகைப் பணத்துக்கு விவசாய வருமானம் என்ற வரிவிலக்கு கிடையாது, அதையும் கணக்கில் வையுங்கள்.

அவர் திரும்ப வந்தால் கம்பெனி கொடுத்த அதிகாரக் கடிதத்தையும் குத்தகைப் பத்திர நகலையும் கேளுங்கள். அட்வான்ஸ் கம்பெனியின் வங்கிக் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வரட்டும்.