சூடானதும் நின்றுபோகும் பழைய படகு எஞ்சின்: கோளாறை எங்கே தேடுவது?

உங்கள் 15 குதிரைவலு மண்ணெண்ணெய் எஞ்சின் அரைமணி நேரம் நன்றாக ஓடிவிட்டுச் சூடானதும் நிற்கிறது, ஆறிய பின் ஒரே இழுவையில் ஸ்டார்ட் ஆகிறது, காபரேற்றரைக் கழுவியும் பயனில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முல்லைத்தீவுக் கரையில் இத்தகைய எஞ்சின்களைத் திருத்துபவன் என்ற வகையில் முதலில் சொல்வது, ஆறிய எஞ்சினைக் கரையில் வைத்துக் கழற்றினால் இந்தக் கோளாறு அகப்படாது, அது நின்ற மறுநிமிடமே சோதிக்க வேண்டும் என்பதுதான். எனவே நாயாற்றுக் களப்பு போன்ற அமைதியான நீரில், துணைக்கு இன்னொரு படகுடன், நல்ல ஸ்பார்க் பிளக் ஒன்றையும் எடுத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள்.

இருமி, வேகம் குறைந்து நின்றால் எரிபொருள் பக்கம் பாருங்கள். குழாயிலுள்ள றப்பர் பம்பு சப்பையாக ஒட்டிக் கிடந்து, தாங்கியின் மூடியைத் தளர்த்தும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளிழுபட்டால், மூடியின் காற்றுத் திருகு உப்புப் படிந்து அடைபட்டிருக்கிறது. இது சூட்டினால் வருவதே அன்று. நீங்கள் ஆறட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உட்புகுவதால் அப்படித் தோன்றுகிறது.

சட்டென்று அணைந்தால் எனக்குப் பிளக்குக்குப் பொறி மின்சாரம் கொடுக்கும் கொயிலின் மேல்தான் சந்தேகம். எரிபொருள் எங்கும் சிந்தியிராததை உறுதிசெய்துகொண்டு, எஞ்சினிலுள்ள பிளக்குகளைக் கழற்றாமலே, கொண்டுவந்த பிளக்கை வயரில் மாட்டி, அதன் இரும்புப் பகுதியை எஞ்சின் உடலில் அழுத்திவைத்துக் கயிற்றை இழுங்கள். நீலப் பொறி சொடுக்காமல், ஆறிய பின் மட்டும் சொடுக்கினால், கொயிலின் உட்சுற்றுக் கம்பி சூட்டில் விலகி, ஆறியதும் ஒட்டிக்கொள்கிறது என்று கொள்ளலாம். மேலே உள்ள இக்னிஷன் கொயிலை மட்டும் மாற்றிவிட்டு இருந்துவிடாதீர்கள். பறக்கும் சில்லு என்ற கனத்த சுழல் சக்கரத்துக்கு அடியிலுள்ள கொயிலையும் மல்ற்றிமீற்றரால் சூட்டிலும் ஆறிய பின்னும் அளந்து ஒப்பிடுங்கள்.

வலு குறைந்துகொண்டே வந்து, நின்றபின் கயிறும் இறுகினால் மீண்டும் இழுக்கவே வேண்டாம், பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடிக்கத் தொடங்கிவிட்டது. சிலிண்டர் தலையில் தெளித்த நீர் சீறி ஆவியானால் குளிரூட்டும் நீர் போதவில்லை. ஆழமற்ற களப்பு மணல், குளிரூட்டும் நீரை இறைக்கும் இம்பெல்லரின் இதழ்களை விரைவில் தேய்த்துவிடும். எஞ்சினின் பக்கத்தில் தண்ணீர் நன்றாகப் பீச்சினாலும் உள்வழியில் உப்பு அடைத்திருக்கலாம் என்பதால் சூட்டுக்கேற்ப நீர்வழியைத் திறந்து மூடும் தேர்மோஸ்டாற்றையும் கழற்றிப் பாருங்கள்.