அலை வருவதற்கு முந்தைய நிமிடங்கள்

வணக்கம்.

2011-ல் ஜப்பானைத் தாக்கிய சுனாமி பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். உலகிலேயே பெரிய கடல் தடுப்புகளைக் கட்டிய நாடு அது. அங்கேயே 18 ஆயிரம் பேருக்கு மேல் மாண்டும் காணாமலும் போனார்கள் என்றால், அத்தனை பணமும் வீண்தானே? இயற்கை சீறினால் மனிதன் என்ன செய்துவிட முடியும்?

கே.

அன்புள்ள கே,

உங்கள் கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை. மார்ச் 11 பிற்பகல் 2.46-க்கு வந்தது 9 அளவு நிலநடுக்கம். ஓடிக்கொண்டிருந்த புல்லட் ரயில்களில் ஒரு பயணிகூடச் சாகவில்லை. இறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நீரில் மூழ்கியவர்கள். நிலம் ஆடியதற்கும் பேரலை வந்ததற்கும் நடுவே பல ஊர்களுக்கு அரை மணி நேரமாவது இருந்தது. அந்த நேரம் எப்படிக் கழிந்தது என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

நிலநடுக்கம் வந்த மூன்றே நிமிடங்களில் வானிலை முகமை எச்சரிக்கை விட்டது. ஆனால் இவ்வளவு பெரிய நிலநடுக்கத்தை அவசரக் கணக்கு பிடிப்பதில்லை, அளவு 7.9 என்று வந்தது. அதை வைத்து, வடகிழக்கு ஜப்பானின் இவாத்தே கரைக்கு 3 மீட்டர் அலை என்று அறிவித்தார்கள். அந்தக் கரையில் இருக்கும் தாரோ என்ற ஊரில் 10 மீட்டர் உயரச் சுவர் நின்றது. மூன்று மீட்டர் அலைக்கு எவர் வீட்டை விட்டு ஓடுவார்? 3.14-க்குக் கணிப்பை 6 மீட்டராக உயர்த்தியபோது பல இடங்களில் மின்சாரம் போயிருந்தது, செய்தி போய்ச் சேரவில்லை. அலை சுவரைத் தாண்டி வந்தது. 2013 முதல் முறையையே மாற்றிவிட்டார்கள். அளவு 8-ஐத் தாண்டக்கூடும் என்று பட்டால், முதல் எச்சரிக்கையில் மீட்டர் கணக்கே கிடையாது. மாபெரும் அலை வருகிறது, மேட்டுக்குப் போங்கள், அவ்வளவுதான்.

பணம் வீணா என்றால், இல்லை. கமாய்ஷி விரிகுடாவின் வாயில் 63 மீட்டர் ஆழத்திலிருந்து எழுப்பிய அலைதடுப்பு 2009-ல்தான் முடிந்தது, இரண்டே ஆண்டில் உடைந்தது. ஆனாலும் அது அலையின் உயரத்தைக் குறைத்து, ஊருக்குள் நீர் புகுவதை ஆறு நிமிடம் தள்ளிப்போட்டது என்று துறைமுக ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். மேடேறும் ஒருவருக்கு ஆறு நிமிடம் என்பது உயிர். ஃபுகுஷிமா அணு உலையில், மின்சாரம் போனால் உலையைக் குளிர்விக்க வேண்டிய அவசர டீசல் ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை அடித்தளத்தில் இருந்ததால் மூழ்கின. அவற்றை அங்கே வைத்தது இயற்கை அல்ல, மனிதர்கள் எடுத்த முடிவு.

என்னை உலுக்கியது இஷினோமாகியின் ஒகாவா தொடக்கப் பள்ளி. நில அதிர்வு நின்றதும் பிள்ளைகளை மைதானத்தில் கூட்டினார்கள். பின்னாலேயே குன்று. எங்கே போவது என்ற பேச்சிலேயே நேரம் ஓடியது. ஏறத்தாழ ஐம்பது நிமிடம் கழித்து, ஆற்றுப் பாலத்தையொட்டிய மேட்டை நோக்கி நடக்கத் தொடங்கியதும் அலை வந்துவிட்டது. 74 குழந்தைகள், 10 ஆசிரியர்கள்.

பெற்றோர் சிலர் வழக்குப் போட்டார்கள். பள்ளி இருந்த இடம் அபாய வரைபடத்தில் சுனாமி எட்டாத பகுதியாகவே குறிக்கப்பட்டிருந்தது. ஆனாலும் எங்கே ஓடுவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்க வேண்டியது பள்ளியின், கல்வி வாரியத்தின் கடமை என்று செண்டாய் உயர் நீதிமன்றம் 2018-ல் சொன்னது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.